ஒரு மயிலை வைத்து மோட்டிஃப் பழகுவது எப்படி?

மோட்டிஃப் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். தாமரை என்றால் தூய்மை, யானை என்றால் வலிமை, மாங்காய் என்றால் வளம், மயில் என்றால் அழகு. இணையத்தில் தேடினால் இப்படி நூறு கிடைக்கும். அந்தப் பட்டியலை மடித்து உள்ளே வையுங்கள். பரீட்சைக்கு வேண்டுமானால் உதவும், வேலைக்கு உதவாது. ஓர் உருவம் எங்கே இருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, எத்தனை தடவை திரும்ப வருகிறது, அதை உடுத்துகிறார்களா, கும்பிடுகிறார்களா, மிதிக்கிறார்களா என்று பார்க்கப் பழகினால் அர்த்தம் தானாகப் பிடிபடும்.

ஒரு வடிவமைப்பில் திரும்பத் திரும்ப வருகிற, தனியாகப் பிரித்து எடுக்கக்கூடிய சிறு உருவம்தான் மோட்டிஃப். புடவைக்கடையில் புட்டா என்பார்கள், அச்சகத்தில் பொதுவாக டிசைன் என்று முடித்துவிடுவார்கள். தாமரை ஒன்று மோட்டிஃப். தாமரையை வரிசை வைத்து நிரப்பினால் பேட்டர்ன். தொடங்குவதற்கு இவ்வளவு போதும். கட்டம் போட்ட நோட்டு, பென்சில், பட்டர் பேப்பர், கறுப்பு மார்க்கர், ஒரு ஸ்கேல் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மாதம் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம் என்பது என் கட்சி.

1. ஒரே ஓர் உருவத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

சென்னையில் இருப்பவருக்கு நான் மயிலைத்தான் சொல்வேன். தேடி அலைய வேண்டியதில்லை, மயிலாப்பூர் போனால் போதும்.

கபாலீசுவரர் கோயிலில் புன்னை மரத்தடியில் ஒரு சின்ன சன்னதி இருக்கிறது. அம்பாள் மயில் வடிவெடுத்துச் சிவனைப் பூசித்த இடம் என்பது தலபுராணம். இங்கே மயில்தான் பக்தை. அதே கோயிலில் சிங்காரவேலர் சன்னதிக்குப் போங்கள். அங்கே மயில் முருகனைச் சுமக்கிற வாகனம். ஒரே மதிலுக்குள் ஒரு மயில் கும்பிடுகிறது, இன்னொரு மயில் சுமக்கிறது. கழுத்து எப்படி இருக்கிறது, தோகை விரிந்திருக்கிறதா தழைந்திருக்கிறதா, பார்வை எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். சன்னதிகளில் படம் எடுக்க விடமாட்டார்கள். அதுவும் நல்லதுதான். வெளியே வந்து திண்ணையிலோ குளத்தங்கரையிலோ உட்கார்ந்து நினைவிலிருந்து வரையுங்கள். நினைவில் தங்கும் கோடுகள்தான் அந்த உருவத்தின் எலும்பு.

அப்புறம் மாட வீதிகளைச் சுற்றுங்கள். நாட்டிய நகைக் கடையில் ஜிமிக்கிக்கு மேல் மயில் இருக்கும். பட்டுக்கடையில் முந்தானையில் நிற்கும். உடம்பெல்லாம் போய்த் தோகையின் கண் மட்டும் மிஞ்சி ‘மயில்கண்’ என்று கரையில் ஓடும். அங்கே பக்தியும் இல்லை, வாகனமும் இல்லை; ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம், அவ்வளவுதான். ஆனாலும் பார்த்தவுடன் மயில் என்று தெரிகிறது. ஓர் உருவத்தை எவ்வளவு தூரம் குறைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கடற்கரைப் பக்கம் சாந்தோமுக்கு வந்தால் மயில் வேறொரு கதைக்குள் நுழைகிறது. புனித தோமா மயிலைக் குறிவைத்த அம்பு தவறிப் பட்டு இறந்தார் என்று மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். 1963 முதல் அதே பறவை தேசியப் பறவையும் ஆகிவிட்டது. இப்போது சொல்லுங்கள், பட்டியலில் உள்ள ‘மயில் என்றால் அழகு’ இதில் எதற்குப் பொருந்தும்?

ஓர் எச்சரிக்கை. குத்துவிளக்கின் உச்சியில் இருப்பதைப் புதியவர்கள் மயில் என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலும் அது அன்னம். துணியிலும் சிற்பத்திலும் அன்னத்துக்குக் கொடிபோலச் சுருண்ட வால் வைப்பது வழக்கம், அதனால்தான் குழப்பம். தலையைப் பாருங்கள், கொண்டை தனித்தனிக் குச்சியாக நிற்கிறதா? அப்போது மயில். சந்தேகம் என்றால் கடைக்காரரையே கேட்டுவிடுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

2. அது எங்கே ‘வேலை’ பார்க்கிறது என்று பாருங்கள்

மோட்டிஃபுக்கு எப்போதும் ஒரு வேலை உண்டு. சில மோட்டிஃப் காவல் காக்கும், சில எல்லை காட்டும், சில சும்மா இடத்தை நிரப்பும்.

காவலுக்கு உதாரணம் வேண்டுமென்றால் கட்டி முடியாத ஏதாவது ஓர் அபார்ட்மென்ட்டை அண்ணாந்து பாருங்கள். பிதுங்கிய கண், தொங்கும் நாக்கு, முறுக்கிய மீசையோடு திருஷ்டி முகம் தொங்கும். கோயிலில் சாமிக்குப் பின்னால் வளைந்து நிற்கும் திருவாசியின் உச்சியிலும், விமானத்தில் லாட வடிவில் இருக்கும் நாசிக்கூட்டின் மேலும் இருக்கிற கீர்த்திமுகத்துக்கும் அதே பிதுங்கிய கண்தான், அதே திறந்த வாய்தான். பூசணிக்காயில் வரைகிறவர் சிற்ப சாஸ்திரம் படித்தவரில்லை. ஆனால் வாசலுக்கு மேலே, வருகிறவரைப் பார்த்தபடி, ஒற்றையாக வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இதே முகத்தைச் சின்னதாக்கித் துணி முழுக்க ஐம்பது தடவை அச்சடித்துப் பாருங்கள். பயம் போய்விடும், வேடிக்கைதான் மிஞ்சும். டி-சர்ட்டுக்கு அதுவும் சரிதான், ஆனால் தெரிந்து செய்ய வேண்டும்.

எல்லை காட்டுவதற்குப் பரங்கிமலைக்குப் போகலாம். அங்கே தேவாலயத்தில், 1547-ல் போர்ச்சுகீசியர் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை இருக்கிறது. சுற்றிலும் பாஹ்லவி என்னும் பழைய பாரசீக எழுத்து. சிலுவைக்கு மேல் ஒரு வளைவு, அந்த வளைவு இரண்டு பக்கமும் தூண்மேல் நிற்கும் மகரங்களின், அதாவது முதலை போன்ற கற்பனை விலங்குகளின், வாயிலிருந்து கிளம்புகிறது. நம் கோயில் மகர தோரணத்தின் அதே அமைப்பு. உள்ளே இருப்பது யாராக இருந்தாலும், ‘இதற்குள் இருப்பது புனிதம்’ என்று சொல்வதுதான் அந்த விலங்கின் வேலை. மதம் மாறினாலும் வேலை மாறவில்லை.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களுக்கு மட்டும் ஒரு முழு மதியத்தை ஒதுக்குங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை). பௌத்த ஸ்தூபியைச் சுற்றியிருந்த வேலியின் தூண்கள் அவை. தூணின் நடுவில் முழுத் தாமரை, மேலும் கீழும் அரைத் தாமரை. அதை அப்படியே நோட்டில் வரைந்து பாருங்கள். தாமரையைப் பாதியாக வெட்டினால் அது ஓரத்துக்கு உரியதாகிறது, முழுசாக விட்டால் நடுவுக்கு உரியதாகிறது. இன்றைக்கும் போர்டர், புட்டா என்று நாம் பிரிப்பது இதைத்தான். மேல்விளிம்புக் கற்களில் தடித்த மாலை ஒன்று அலை அலையாக ஓடும், அதை ஆட்கள் தோளில் சுமந்து போவார்கள். நீளமான இடத்தை அலுக்காமல் நிரப்ப அலையைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை.

எல்லா உருவத்துக்கும் அர்த்தம் இருந்தே தீர வேண்டும் என்றும் இல்லை. 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர், ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் எழுத்துபோலத் தெரிகிற கோடுகளையும் ஜாதகக் கட்டங்களையும் நிரப்பியிருப்பார். படிக்கப் போனால் ஒன்றும் தேறாது. படிக்கிற உணர்வு மட்டும் கிடைக்கும்.

3. எந்தக் கருவி என்று முடிவு செய்த பிறகே வரையுங்கள்

இங்கேதான் பலரும் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். அழகாக வரைந்துவிட்டு அப்புறம் தறிக்கோ அச்சுக்கோ கொண்டுபோகிறார்கள். செய்கிறவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். கருவிதான் கோட்டைத் தீர்மானிக்கிறது.

தறியில் நூல் நேராகவோ குறுக்காகவோதான் போகும். வளைவு என்று ஒன்று இல்லை, படிக்கட்டுதான் உண்டு. காஞ்சிபுரம் பட்டின் கரையில் ஏறி நிற்கிற கோபுர முக்கோணத்தை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், ஓரம் முழுக்கப் படிதான். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாக, தனித்தனி நாடாவில் (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கட்டை) ஓடி, சேருமிடத்தில் நூலோடு நூல் பின்னிக்கொள்ளும். அந்தச் சேருமிடத்தை நேர்கோடாக விடாமல் கோபுரமாக, தாழம்பூ ரேக்காக ஏற்றி இறக்குவதில் நெசவாளியின் கைத்திறமை தெரியும். ருத்ராட்சம், வைர ஊசி, மல்லிமொக்கு, முத்துக்கட்டம், இருதலைப்பட்சி என்று நெசவாளர்கள் வைத்திருக்கிற பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் கட்டத்தாளில் எத்தனை சதுரம் என்று எண்ணி வரைந்து பழகினால், தறிக்கு வரைவது பாதி கைவந்துவிடும். அன்னத்தின் கழுத்தை எட்டுச் சதுரத்தில் வளைக்க முடியுமா என்று முயன்று பாருங்கள், ஒரு மாலைப் பொழுது போய்விடும்.

மர அச்சுக்கு நேர்மாறான சிக்கல். வளைவு பிரச்சினையில்லை, மெல்லிய கோடு உடைந்துவிடும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே நிறமாக நிரப்பினால் சாயம் திட்டுத் திட்டாக விழும், அதனால் பெரிய பரப்புக்குள் புள்ளியோ கீறலோ போட்டு உடைத்துவிடுங்கள். ஆரி வேலை சங்கிலித் தையல், ஊசி ஓடிக்கொண்டே இருக்கும். எனவே கோடு அறுபடாமல் சுருண்டு சுருண்டு போகிற கொடி, மாங்காய் இவையெல்லாம் ஆரிக்குப் பிறந்தவை. ஆத்தங்குடி ஓட்டில் உலோகச் சட்டத்தின் அறைகளுக்குள் நிறக்கலவையை ஊற்றுவார்கள், ஆகவே கோட்டை மறந்துவிட்டு நிறத் துண்டுகளாக யோசிக்க வேண்டும்.

சரி, கருவி முடிவாகிவிட்டது. இப்போது உங்கள் மயிலை ஒரே மூச்சில் ஒரு கோடாக வரையுங்கள், அலகிலிருந்து வால் நுனி வரை. அந்தக் கோடு நன்றாக இருந்தால் மேலே எதை ஏற்றினாலும் நிற்கும். பிறகு மார்க்கரால் உள்ளே முழுக்கக் கறுப்பாக நிரப்புங்கள். கண் வேண்டாம், இறகு வேண்டாம், நிழல்போல இருக்கட்டும். அதைக் கட்டைவிரல் நகத்தளவுக்குச் சிறிதாக்கி வீட்டில் யாரிடமாவது காட்டி, என்னவென்று கேளுங்கள். ‘கோழியா?’ என்று கேட்டால் கொண்டையையும் கழுத்தையும் சரிசெய்ய வேண்டும். நிழல் தேறிய பிறகே உள்வேலைப்பாடு.

4. திரும்ப வைப்பது

நம் ஊரில் கோலம் போட்டு வளர்ந்தவருக்கு இது பாதி தெரிந்த பாடம். நேர்ப்புள்ளி என்றால் புள்ளிக்குக் கீழே புள்ளி. மோட்டிஃபை அப்படி வைத்தால் நேர்வரிசை. ‘15 புள்ளி, சந்துப்புள்ளி, 8 வரை’ என்றால் ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் இடுக்கில் உட்காரும். அதுதான் செங்கல் அடுக்கு. அதையே குறுக்கே நகர்த்தாமல், பக்கத்துச் செங்குத்து வரிசையைப் பாதி உயரம் கீழே இறக்கினால் துணிக்காரர்கள் ஹாஃப்-டிராப் என்பார்கள். புட்டாவுக்குப் பெரும்பாலும் சந்துப்புள்ளியே அழகு. நேர்வரிசை கண்ணில் கம்பிக் கட்டம்போல நிற்கும்.

கோலத்தில் இருக்கிற இந்த ஒழுங்கைத் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி போன்றவர்கள் 1970-களில் கணினியியல் கண்ணோட்டத்தில் ஆராய்ந்தார்கள். ஒரு சிறு உருவும் சில விதிகளும் இருந்தால் பெரிய கோலத்தை வளர்த்துவிடலாம் என்பதை இலக்கணமாகவே எழுதிக் காட்டினார்கள். வாசலில் அம்மாக்கள் அன்றாடம் செய்வதுதான்.

கையாலேயே ஒரு தொடர் பேட்டர்ன் செய்வது இப்படி. 12 செ.மீ. சதுரத் தாள் எடுங்கள். நடுவில் மட்டும் மயிலை வரையுங்கள், எந்தக் கோடும் விளிம்பைத் தொடக்கூடாது. தாளைச் செங்குத்தாக நடுவில் வெட்டுங்கள். இடது பாதியை வலப்பக்கமும் வலது பாதியை இடப்பக்கமும் மாற்றி வைத்துப் பின்பக்கம் டேப் ஒட்டுங்கள். மயில் இப்போது பிளந்து இரண்டு ஓரத்துக்கும் போயிருக்கும், நடுவில் வெற்றிடம் தெரியும். அதில் ஒரு கொடியோ பூவோ வரையுங்கள். அடுத்து குறுக்காக வெட்டி மேல் பாதியைக் கீழும் கீழ்ப் பாதியை மேலும் மாற்றுங்கள். மறுபடி ஒரு வெற்றிடம் வரும், அதையும் நிரப்புங்கள். இந்தத் தாளை நான்கு ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினால் எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று தெரியாமல் ஓடும்.

ஒட்டியதைச் சுவரில் மாட்டி, அறையின் மறுகோடியிலிருந்து கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். குறுக்கே வெள்ளைப் பாதை ஒன்று தெரிகிறதா? அந்தச் சந்துதான் துணியாகும்போது முதலில் கண்ணில் படும். ஒரு மொக்கையோ இலையையோ நகர்த்தி அதை உடையுங்கள்.

5. உடம்பில் ஏறினால் என்ன ஆகும்?

திசையுள்ள மோட்டிஃப், அதாவது தலைகால் உள்ள யானை, மயில், கோபுரம் எல்லாம் துணியில் தொல்லை தருபவை. துப்பட்டா முழுக்க ஒரே திசையில் மயில் நின்றால், தோளில் போட்டதும் ஒரு நுனியில் மயில் நிமிர்ந்து நிற்கும், மறு நுனியில் தலைகீழாகத் தொங்கும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் திருப்பிவிடுங்கள். பிளவுஸ் கையில் மயில் வைக்கும்போது இரண்டு மயிலும் முன்பக்கம் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே படத்தை இரண்டு தடவை போட்டால் ஆகாது, ஒன்றைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும். ஆரிக்காரரிடம் டிரேசிங் தாள் கொடுக்கும்போது ‘ஜோடி’ என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். கோட்டின் மேல் ஊசியால் துளை குத்திய அந்தத் தாளை அவர் துணிமேல் வைத்துப் பவுடர் கலவையைத் தேய்ப்பார். தாளைப் புரட்டிப் போட்டால் ஜோடி தானாக வந்துவிடும்.

திசையில்லாத ருத்ராட்சம், கட்டம், புள்ளி இவை புதியவருக்குப் பாதுகாப்பானவை. துணியும் வீணாகாது.

எந்த உருவம் யாருக்கு என்பது தனிப் பஞ்சாயத்து. தெய்வ உருவத்தைப் பாயிலோ செருப்பிலோ வைக்க மாட்டீர்கள், சரி. ஆனால் வெட்டித் தைக்கிற துணியில் வைத்தாலும் கத்தரி கழுத்தில் போகும் என்பதை யோசிக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் பூர்ணகும்பம், வாழைமரம், குத்துவிளக்கு எல்லாம் தயக்கமின்றி வரலாம். அதே பூ பார்டரை எடுத்துக் கண்ணீர் அஞ்சலிக்குப் போட்டால் வீட்டார் முகம் மாறும். மாங்காய் எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும் போகும். ஸ்வஸ்திகா நம் வாசலில் மங்கலம். ஐரோப்பாவுக்கு அனுப்பும் துணியில் நாஜிகளை நினைவூட்டும், எனவே வேண்டாம்.

சென்னையில் இன்னொன்று. உதயசூரியன், இரட்டை இலை, தாமரை மூன்றும் கட்சிச் சின்னங்கள். பழைய வீட்டு இரும்பு கேட்டில் விரியும் சூரியன் வெறும் அலங்காரமாக இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் கடை லோகோவில் மலை நடுவே சூரியன் வைத்தால் வாடிக்கையாளருக்கு முதலில் என்ன தோன்றும்? இலை இரண்டை ஜோடியாக விரித்து வைக்கிற பழக்கம் டிசைனர்களுக்கு உண்டு. மூன்றாக்கிவிடுங்கள், வம்பில்லை.

6. யாருடையது என்று கேட்டுவிடுங்கள்

மாங்காயும் தாமரையும் பொதுச்சொத்து. எல்லாமே அப்படியில்லை. நீலகிரித் தோடர்கள் வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாகப் போடும் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு, அதாவது அந்தப் பகுதிப் பொருளின் பெயரைக் காக்கும் சட்டப் பதிவு, இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து பாலியெஸ்டரில் அச்சடித்து ‘தோடா’ என்று பெயர் வைத்து விற்பது சட்டத்துக்கும் ஆகாது, மனசாட்சிக்கும் ஆகாது. காஞ்சிபுரம் பட்டு, மதுரை சுங்குடி என்ற பெயர்களும் அப்படிக் காக்கப்பட்டவைதான். நாடு முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் கிண்டியில்தான் இருக்கிறது, அதன் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். லோகோ வேலை என்றால் இன்னும் இரண்டைக் கவனியுங்கள்: மத உணர்வைப் புண்படுத்தக்கூடியதை வணிகக்குறியாகப் பதிவு செய்ய 1999-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது, அரசு முத்திரைகளைத் தொழிலுக்குப் பயன்படுத்த 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள் சட்டம் விடாது. தமிழ்நாடு அரசு முத்திரையில் கோபுரம் இருப்பதால், லோகோவில் கோபுரம் வைக்கும்போது அந்த அமைப்பைவிட்டு விலகியே வரையுங்கள்.

பழைய மாதிரிகளைப் பார்த்துப் பழக முட்டுக்காடு தட்சிணசித்ரா நல்ல இடம், செவ்வாய்க்கிழமை மட்டும் மூடியிருக்கும். திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் நெசவும் கலம்காரியும் நடக்கின்றன; முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

7. செய்கிறவர் கையில் கொடுப்பது

கறுப்பு வெள்ளையில் ஒரு தாள், நிறத்தோடு ஒரு தாள், திரும்ப வைக்கும் முறை காட்டும் ஒரு தாள். மூன்றும் நிஜ அளவில் இருக்க வேண்டும். ‘கொஞ்சம் பெருசா’ என்று வாயால் சொல்லாதீர்கள், செ.மீ. எழுதுங்கள். ஐந்தரை மீட்டர் புடவையில் 10 செ.மீ. அச்சு என்றால் ஒரு கரைக்கு 55 தடவை, இரண்டு கரைக்கு 110 தடவை கை விழ வேண்டும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கூலி பேசினால் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம் வராது. அச்சைச் சின்னதாக்கினால் செலவு குறையும் என்று நினைப்பவர்களும் இந்த எண்ணிக்கையைப் பார்த்தால் திருத்திக்கொள்வார்கள்.

நிறங்களை மூன்றுக்கு மேல் போகவிடாதீர்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு வெட்ட வேண்டும். பருத்தியில் என்றால் துணியை முதலில் அலசி, கஞ்சி போக்கிக் காயவைத்த பிறகு ஒரு மீட்டர் மட்டும் சாம்பிள் அடிக்கச் சொல்லுங்கள். சாம்பிளை மறுபடி ஒரு தடவை தண்ணீரில் போட்டெடுத்து, மயிலுக்கும் மயிலுக்கும் நடுவே உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, மிச்சத் துணிக்குச் சரி சொல்லுங்கள்.